யாரங்கே? ஒரே ராத்திரியில் பிறந்த பிங்கின் கதை

ஆபீஸ்ல இப்ப எல்லார் வாயிலயும் ஒரு வார்த்தை ஒட்டிக்கிச்சு. "மத்தியானம் பிங் பண்றேன் சார்", "ஃப்ரீ ஆனதும் ஒரு பிங் போடுப்பா". மெசேஜ் அனுப்புறதுக்குப் பேரு பிங். நாம வலைப்பதிவு ஆரம்பிச்ச காலத்துல புது இடுகை போட்டதும் திரட்டிகளுக்கு ஒரு 'பிங்' போகுமே, ஞாபகம் இருக்கா மக்களே? அதுவும் இதே வார்த்தைதான்.

போன வாரம் எங்ககிட்ட புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், கறுப்புத் திரையில நான் பிங் அடிக்கிறதைப் பார்த்துட்டு, "அண்ணே, இது எந்தக் கம்பெனி செஞ்சது?"ன்னு கேட்டான். கம்பெனி எதுவும் இல்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ராத்திரி. அவனுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரிவா இங்கே எழுதி வைக்கிறேன்.

1983 ஜனவரி 1. அமெரிக்காவின் அர்ப்பாநெட், பழைய விதிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபி-க்கு மாறிய நாள். இன்றைய இணையத்தின் பிறந்தநாள் என்றே பலர் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமப் போகும் இல்லையா? அதே கதைதான். நெட்வொர்க் திடீர்னு நின்னுடும். கேபிளா, மெஷினா, நடுவில் இருக்கும் பெட்டியா, எது செத்ததுன்னு தெரியாது.

கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு வழி மட்டும் ஏட்டில் இருந்தது. ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரில் எழுதிய ஐசிஎம்பி என்ற விதிமுறையில் 'எக்கோ' என்று ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒரு மெஷின் "எக்கோ" என்று கேட்டால், எதிர்ப்பக்கம் இருப்பது வந்ததை அப்படியே திருப்பி அனுப்பணும். கேட்டவன் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரணை கிடையாது. கேட்டால் பதில். அவ்வளவுதான்.

1983 ஜூலையில் நார்வேயில் ஒரு கூட்டம். டேவிட் மில்ஸ் என்ற அறிஞர், இந்த எக்கோவை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தன்னுடைய மெஷின்களில் அளந்து பார்த்ததைப் பேச்சுவாக்கில் சொல்கிறார். (உலகத்துக் கணினிகள் எல்லாம் மணி பார்த்துக்கொள்ளும் என்டிபி-யும் இவர் கைவண்ணம்தான். 2024 ஜனவரியில் காலமானார்.) கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மைக் மூஸ். மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அப்போ வயசு இருபத்துநாலு.

டிசம்பர் மாசம் அவங்க நெட்வொர்க் மறுபடி சண்டித்தனம் பண்ணுது. மில்ஸ் சொன்னது மூஸுக்கு ஞாபகம் வருது. சாயங்காலம் உட்கார்ந்து கடகடன்னு ஒரு புரோகிராம் எழுதுகிறார். கம்பைல் ஆகுது, ஆனா ஓட மாட்டேங்குது! என்னன்னு பார்த்தா, அதுக்குத் தேவையான வசதியே யுனிக்ஸ் கெர்னலில் இல்லை. வேற ஆளா இருந்தா, "சரி, நாளைக்குப் பார்ப்போம்"னு கிளம்பிப் போயிருப்பான். மூஸுக்குக் கோபம் வந்துடுச்சு. கெர்னலையே திறந்து அந்த வசதியையும் எழுதிச் சேர்த்து, பொழுது விடியறதுக்குள்ள ஓட வெச்சுட்டார்.

இதுல காமெடி என்னன்னா, அவர் முதல் பிங்கை அனுப்புறதுக்கு முன்னாடியே கூட வேலை பார்த்தவர் பழுதைக் கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாராம் :-) மூஸே பின்னாளில் சிரிச்சுக்கிட்டே எழுதி வைத்திருக்கிறார். இதுதான் என் வாழ்க்கையிலேயே பேர் வாங்கித் தரப்போற வேலைன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கூட உழைச்சிருப்பேனேன்னு!

பேரு எங்கிருந்து வந்தது? நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் சத்தம்தான். ஒலியை அனுப்பு, எதிரொலி வருதான்னு கேளு, வந்த நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடு. கல்லூரி நாட்களில் சோனார், ரேடார் பற்றி நிறைய வேலை செய்தவர் அவர். நாலு எழுத்துக்கும் விரிவாக்கம் கண்டுபிடிச்சது மில்ஸ், பேர் வெச்சதுக்கு அப்புறம்.

மூஸ் இதைப் பூட்டி வைக்கலை. கெர்னல் திருத்தம், பிங் மூலநிரல் ரெண்டும் பெர்க்லி யுனிக்ஸ்காரர்களுக்குப் போனது. பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கலாம். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

மூஸ் ரசிச்சுச் சொன்ன ஒரு கதை உண்டு. ஒரு ஆபீஸில் எந்த இணைப்பில் கோளாறுன்னு தெரியலை. விட்டு விட்டு அறுந்து போகுது. அங்கிருந்த நெட்வொர்க் ஆள் என்ன பண்ணினார் தெரியுமா? ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் வாய்விட்டு "பிங்" என்று சொல்ற மாதிரி செஞ்சு, அதை ஸ்டீரியோவில் இணைச்சு, சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டார். அது நொடிக்கு ஒரு தடவை பிங், பிங்னு கத்துது. இவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டரா ஆட்டிப் பார்க்கிறார். எந்த இடத்தில் ஆட்டும்போது சத்தம் நின்னுச்சோ, அதுதான் திருடன்!

பிங் 'இருக்கியா?' என்று மட்டும்தான் கேட்கும். 'வழியில் எங்கே மாட்டிக்கிச்சு?' என்று கேட்க இன்னொரு ராத்திரி தேவைப்பட்டது. சரியாகச் சொன்னால் ரெண்டு ராத்திரி.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வான் ஜேகப்சன். 1986 அக்டோபரில், அந்த ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்ததைப் பார்த்தவர் இவர். நடுவுல தூரம் வெறும் 400 கஜம். தாளில் எழுதிக் கையில் கொடுத்துட்டு வந்தாக்கூட சீக்கிரம் போயிருக்கும். நெரிசல் வந்தா டிசிபி எப்படி வேகத்தைக் குறைச்சுக்கணும்னு இவர் செய்த திருத்தம்தான் இணையத்தைக் காப்பாத்தினது. அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

நம்ம கதைக்கு வேண்டியது டிரேஸ்ரூட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'ஆயுள்' என்று ஒரு எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒண்ணைக் குறைக்கும். சைபர் ஆனா அந்த ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, "உன் பாக்கெட் ஆயுள் முடிஞ்சு போச்சு"ன்னு அனுப்பினவனுக்குத் தகவல் சொல்லும். பாக்கெட் முடிவில்லாமல் சுத்திக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு இது. ஸ்டீவ் டீரிங் ஒரு யோசனை சொன்னார், ஜேகப்சன் அதைச் செயலாக்கினார். வேணும்னே ஆயுள் 1-ன்னு போட்டு அனுப்பு, முதல் ரவுட்டர் திட்டும். 2-ன்னு அனுப்பு, ரெண்டாவது ரவுட்டர் திட்டும். இப்படித் திட்டு வாங்கி வாங்கியே முழு வழியையும் வரைஞ்சுடலாம். ரவுட்டர் எதிலும் ஒரு வரி நிரல்கூட மாற்ற வேண்டியதில்லை. என்னா மூளை!

அந்த மூலநிரலில் ஜேகப்சன் எழுதி வைத்த குறிப்பு இன்னும் இருக்கு. தேதி 1988 டிசம்பர் 20, நேரம் விடிகாலை 3 மணி 50 நிமிஷம். எப்படி நிரல் எழுதணும்ங்கறதுக்கு இதை உதாரணமா எடுத்துக்காதீங்க, ஒரு ரூட்டிங் கோளாறைத் தேடப் போய் 48 மணி நேரத் தூக்கமில்லாமைக்குப் பிறகு வந்து விழுந்தது இது, கம்பைல் ஆனதே ஆச்சரியம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் பிறந்த அந்தக் குழந்தையின் வாரிசுகளை இன்னிக்கும் எல்லாரும் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

மூணாவது கேள்வி, "எப்படி இருக்கே?" எத்தனை பாக்கெட் போச்சு, எந்த போர்ட் செத்துக் கிடக்கு, கடைசியா எப்ப ஸ்டார்ட் ஆனே? சாதனத்தை இப்படி நலம் விசாரிக்கிற ஆசை ரொம்பப் பழசு. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1982-லேயே கோக் மெஷினில் சுவிட்சுகள் பொருத்தி, பாட்டில் இருக்கா, ஜில்லுன்னு ஆயிடுச்சான்னு சீட்டில் உட்கார்ந்தபடியே 'ஃபிங்கர்' கட்டளையால் கேட்டார்கள். மாடி ஏறிப் போய்ப் பார்க்க சோம்பேறித்தனம், அவ்வளவுதான் ;-)

ரவுட்டர்களுக்கு வந்த பதில் எஸ்என்எம்பி. கேஸ், ஃபெடோர், ஷாஃப்ஸ்டால், டேவின் என்ற நாலு பேர். 1987 நவம்பரில் எஸ்ஜிஎம்பி என்று ஒரு வடிவம், 1988 ஆகஸ்ட்டில் அதிலிருந்து எஸ்என்எம்பி. அப்போ பெரியவங்க எடுத்த முடிவு என்ன தெரியுமா? இது தற்காலிகம். நீண்ட காலத்துக்கு, சர்வதேசக் குழுக்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிக்கொண்டிருந்த சிஎம்ஐபி வரும். அதுவரைக்கும் இதை வெச்சு ஓட்டுங்க. அந்தப் பிரம்மாண்டம் டெலிகாம் உலகத்தில் கொஞ்சம் நடமாடியது, இணையத்தில் எடுபடவே இல்லை. நம்ம ஊர்ல தற்காலிகப் பேருந்து நிலையம் நிரந்தரம் ஆகுமே, அந்த மாதிரி எஸ்என்எம்பி நிலைச்சுப் போச்சு.

அதோட அழகு எளிமை. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண் விலாசம். 1.3.6.1.2.1.1.1.0 என்று கேட்டால் "நான் இன்ன மாடல், இன்ன வெர்ஷன்" என்று சொல்லும். 'கெட்' என்றால் படி, 'செட்' என்றால் மாத்து, 'கெட்-நெக்ஸ்ட்' என்றால் அடுத்ததைச் சொல்லு. அந்த 'அடுத்தது' என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டால் பெட்டியின் ஜாதகமே வந்துடும். எஸ்என்எம்பிவாக் என்ற கட்டளை செய்வது அதைத்தான். இந்தக் கட்டளைகளின் முதல் வடிவம் கார்னகி மெல்லனில் பிறந்து, 1995-ல் டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெஸ் ஹார்டேக்கர் கைக்குப் போய், 2000-ல் நெட்-எஸ்என்எம்பி என்று பேர் மாறி, இன்னிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

1990 இன்டராப் கண்காட்சியில் ஜான் ராம்கி ஒரு பிரெட் டோஸ்டரையே இணையத்தில் கோத்து, எஸ்என்எம்பியில் 'செட்' கொடுத்து டோஸ்ட் போட்டுக் காட்டினார். பிரெட்டை மட்டும் மனுஷன் கையால் போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அதுக்கும் ஒரு குட்டி கிரேன் வந்துடுச்சு.

இங்கேதான் சிக்கல். டோஸ்ட் போடச் சொன்னது யாருன்னு அந்த டோஸ்டருக்குத் தெரியுமா? எஸ்என்எம்பியின் முதல் வடிவத்தில் பாதுகாப்பு என்பது ஒரே ஒரு வார்த்தை. படிக்க 'பப்ளிக்', மாத்த 'பிரைவேட்' என்று பல பெட்டிகள் கடையிலிருந்தே வரும். அதுவும் கம்பியில் வெட்டவெளியாப் போகும். தற்காலிகம்தானே, பிறகு பார்த்துக்கலாம்!

என் கதையைக் கேளுங்க. பல வருஷம் முன்னாடி, ராத்திரி ஷிப்ட். தூரத்துக் கிளை அலுவலக ஸ்விட்ச் ஒண்ணில் உபயோகமில்லாத போர்ட்டை மூடணும். 'பிரைவேட்' போட்டு ஒரு 'செட்' அடிச்சேன். எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. மூடினது, அந்த ஸ்விட்ச்சை வெளி உலகத்தோட இணைக்கும் போர்ட். உட்கார்ந்த கிளையையே வெட்டின கதை. பதட்டத்தோட பிங் அடிச்சா, பதில் இல்லை. இன்னொரு தடவை. பதில் இல்லை. வயித்துல புளியைக் கரைச்சுது. கடைசியில் அந்தக் கிளை வாட்ச்மேனைப் போனில் எழுப்பி, "அண்ணாச்சி, அந்தப் பெட்டியோட சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க"ன்னு கெஞ்சினேன். நல்லவேளை, நான் செஞ்ச மாத்தம் சேமிக்கப்படலை. நாலு நிமிஷம் கழிச்சு முதல் பதில் வந்தப்போதான் உயிர் வந்துச்சு.

அன்னிக்குத் தூக்கம் வரலை. தப்பு செஞ்சதுக்காக இல்லை. அந்தப் பெட்டி என்னை யாருன்னே கேட்கலையேன்னுதான். என் இடத்தில் வேற எவன் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

உலகமும் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கத்துக்கிச்சு. 1996-ல் 'பிங் ஆஃப் டெத்'. ஐபி அனுமதிக்கும் 65,535 பைட்டைத் தாண்டிய ஒரு பிங்கைத் துண்டு துண்டா அனுப்பினால், ஒட்டவைக்கும் மெஷின் கவிழ்ந்துடும். 2002 பிப்ரவரியில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகக் குழு, கோணல்மாணலான எஸ்என்எம்பி பாக்கெட்டுகளால் ஏகப்பட்ட நிறுவனங்களின் சாதனங்களைத் தடுமாற வைக்க முடியும்னு காட்டியது. 2003 ஆகஸ்ட்டில் நாச்சி என்ற புழு, பிங் அடிச்சு அடிச்சே அடுத்த இரையைத் தேடியது. பலர் பிங்குக்கே கதவைச் சாத்தினார்கள். எஸ்என்எம்பியின் மூணாவது வடிவம் "யார் நீ?" என்று முறையாகக் கேட்கக் கத்துக்கொண்டு, முழுத் தரமாக வந்தது 2002 டிசம்பரில். பதினாலு வருஷம்!

அப்போ மூஸும் ஜேகப்சனும் செய்தது தப்பா? நான் அப்படி நினைக்கலை. கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்லும் என்ற அந்த நம்பிக்கை இல்லேன்னா, முன்பின் பார்க்காத ஊர்க் கம்பிகளை ஒண்ணோட ஒண்ணு கோத்து நெட்வொர்க் வளர்ந்திருக்கவே முடியாது. நலம் விசாரிப்பதற்குப் பதில் சொல்றது வேற, வீட்டுச் சாவியை நீட்டுறது வேற. ரெண்டும் ஒரே கதவில் இருந்ததுதான் கோளாறு. இன்னிக்குப் பயத்தில் பிங்கையும் சேர்த்து அடைச்சு வெச்சிருக்கிற இடங்களில், கோளாறு வந்தால் நாமளே குருடன் மாதிரி தடவிக்கிட்டுத்தான் நிக்கிறோம்.

மைக் மூஸ் 2000 நவம்பர் 20 அன்று மேரிலாந்தில் நெடுஞ்சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 42. பிஆர்எல்-கேட் என்ற பெரிய வடிவமைப்பு மென்பொருளுக்கும் மூலகர்த்தா அவர்தான். ஆனாலும் உலகம் ஞாபகம் வெச்சிருப்பது அந்த ஒரு ராத்திரியை.

அந்தத் தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் 127.0.0.1-க்கு ஒரு பிங் அடிச்சான். தனக்குத்தானே. உடனே பதில் வந்தது. "இருக்கேன்ணே"ன்னு சிரிச்சான்.

கொசுறு: உங்க வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டு இன்னும் கடையில் வாங்கினப்போ இருந்ததேதானா? இதைப் படிச்சு முடிச்ச கையோட மாத்திடுங்க, புண்ணியமாப் போகும் :-)