கண்டி அரசன் கதை: ஆடுகளமும் வெண்திரையும்

இசைநாடகமொன்று திரைப்படமாகும்போது பாடல்கள் குறைவதும் காட்சிகள் பெருகுவதும் யாவரும் அறிந்தவை. ஆயின், கதையைச் சொல்பவர் யார் என்பதும் அப்போது மாறிவிடுகின்றது. கொடுமையும் சாவும் நிறைந்த வரலாற்றுக் கதைகளில் இம்மாற்றம் பாரதூரமானது. கண்டியில் நிகழ்ந்த எஹெலேபொல குடும்பத்தாரின் கொலை இதற்குத் தக்க சான்றாகும்.

நாயக்க மரபில் வந்த கண்ணுசாமி 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பெயருடன் கண்டி அரியணை ஏறினான். 1814இல் அவனுடைய அதிகாரான எஹெலேபொல கிளர்ச்சி செய்து, ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தான். அரசன் அவனுடைய மனைவி மக்களுக்கு மரணதண்டனை விதித்தான். பிள்ளைகளின் தலைகள் வெட்டப்பட்டன என்றும், அவற்றை உரலிலிட்டு இடிக்கும்படி தாயே கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றும், பின்னர் அவள் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் கூறப்படுகின்றது. 1821இல் வெளிவந்த ஜோன் டேவியின் நூல் இதனை விரிவாகத் தருகின்றது. டேவியோ கண்டி வீழ்ந்த பின்னரே இலங்கைக்கு வந்த படை மருத்துவர். பிறர் சொல்லக் கேட்டதையே எழுதியவர். 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையும் 'மலபார்' அரசனின் கொடுமைகளையே ஆட்சிமாற்றத்துக்குக் காரணமாக முதற்கண் கூறிற்று. அரசனைக் கொடுங்கோலனாகக் காட்டுவது வென்றவர்களுக்கு வேண்டியதாயிருந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

இக்கதையை மக்களிடம் நிலைநிறுத்தியது மேடையே. நாடகம என்னும் சிங்கள இசைக்கூத்தின் முன்னோடியான பிலிப்பு சிஞ்ஞோவின் படைப்புகளுள் ஒன்றாக எஹெலேபொல நாடகம எண்ணப்படுகின்றது. தமிழ்க் கூத்திலிருந்து பிறந்த வடிவமொன்று, தமிழ் வழங்கிய அரசவையின் வீழ்ச்சியைச் சிங்களத்தில் பாடியமை வியப்புக்குரியது. 1906இல் ஜோன் டி சில்வா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நூர்த்தி மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழகத்திலும் ஏகை சிவசண்முகம் பிள்ளையின் 'கண்டி ராஜா' இசைநாடகமாக நடிக்கப்பட்டது.

கூத்து மரபில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் கதையை நடத்திச் செல்வர். மேடையில் உரலை வைக்கலாம். அதனுள் இருப்பதைப் பாட்டே உணர்த்த வேண்டும். தாயின் ஒப்பாரியைக் கேட்பவர், தாம் கேட்பது பிறர் சொல்லும் கதை என்பதை மறப்பதில்லை. 'கூறப்படுகின்றது' என்னும் வரலாற்றாசிரியரின் எச்சரிக்கை மேடையில் அறியாமலே காப்பாற்றப்படுகின்றது.

வெண்திரையில் அந்தப் பாடகர் குழுவுக்கு இடமில்லை. கொலைகாரச் சவரத் தொழிலாளி ஒருவனைப் பற்றிய 'ஸ்வீனி டொட்' 1979இல் நியூயோர்க் மேடையேறியபோது, குழுவினர் பாடும் கதைப்பாடலே நாடகத்தைக் கட்டிநிறுத்தியது. 2007இல் டிம் பேர்ட்டன் அதனைப் படமாக்கியபோது அக்குழுப்பாடல் நீக்கப்பட்டது. சவரக்கத்தியும் குருதியும் அண்மைக் காட்சிகளாயின. அது கற்பனைக் கதையாதலால் இழப்பு கலையோடு நின்றது. கண்டிக் கதையில் இழப்பு வரலாற்றுக்கே உரியது. சொல்பவர் மறைந்ததும் செவிவழிச் செய்தி கண்கூடாகிவிடுகின்றது.

2014இல் 'எஹெலேபொல குமாரிஹாமி', 2018இல் 'கிரிவெசிபுர' ஆகிய சிங்களப் படங்கள் அக்காலத்தைத் திரைக்குக் கொணர்ந்தன. இவற்றை மேடைப் பனுவல்களின் நேரடித் தழுவல்கள் எனக் கொள்வதற்கில்லை. எனினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேடை பழக்கிய கதையை நெஞ்சில் சுமந்தே மக்கள் திரையின்முன் அமர்கின்றனர். ஒரு படம் தாயை நடுவே நிறுத்துகின்றது. மற்றது அரசனை நோக்குகின்றது. யாரை நடுவே நிறுத்துவது என்னும் தெரிவிலேயே தீர்ப்பும் அடங்கிவிடுகின்றது.

தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் வழியைப் பேராதனை அறியும். பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில் 1960களில் மேடையேறிய 'இராவணேசன்', பழிக்கப்பட்ட இராவணனைத் துன்பியல் தலைவனாக்கிற்று. கண்ணுசாமி குற்றமற்றவன் என்பது இதன் பொருளன்று. 1832இல் வேலூரில் சிறையாளனாக இறந்த அவ்வரசனைப் படமாக்க முனைவோர், உரலைக் காட்டுமுன், அதனைக் கண்டதாகச் சொன்னவர் யார், கேட்டு எழுதியவர் யார் என்பதையும் காட்டக் கடமைப்பட்டவராவர்.