கூடும் உயிரும்

ஒரு நகரின் வரலாறு ஏட்டில் மட்டுமன்று, தெருக்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவும், 1833ஆம் ஆண்டில் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயமும் தமிழர் குடியேறிய கதையை இன்றும் உரைக்கின்றன. இத்தகைய தடயங்கள் அழியாதிருக்க, குடிமக்கள் சிலர் 1986இல் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளையை நிறுவினர். பழங்கட்டடங்களை இடிக்க முனைந்தபோதெல்லாம் அது குரல் கொடுத்தது.

அங்குள்ள பழைய கடைவீடுகள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணமாகும். குறைந்த வாடகையில் குடியிருந்தோரை உரிமையாளர் எளிதில் வெளியேற்ற இயலவில்லை. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்காப்பு நீங்கவே, வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக வாழ்ந்தோர் பலர் வெளியேறினர்.

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவுடன் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சுவர்கள் பிழைத்தன. ஆயினும், அவற்றினுள் வாழ்ந்து தொழில் புரிந்த மக்கள் இல்லையெனில் எஞ்சுவது வெறுங்கூடே. மாந்தரையும் காப்பதே மரபைக் காப்பதாகும்.