ராம்சர் உடன்படிக்கை: தேசிய அறிக்கை முறை

ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, நாடுகள் தம் ஈரநிலங்களின் நிலையைப் பொதுப் படிவத்தில் அறிவிக்க வழிசெய்கிறது. இந்தியா 1982இல் இணைந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டுக்கு உறுப்பு நாடுகள் தேசிய அறிக்கை அனுப்புகின்றன. உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஈரநிலத்தின் (ராம்சர் தலத்தின்) எல்லை, நீர்வரத்து, உயிரினங்கள், அச்சுறுத்தல்கள் அடங்கிய தகவல் தாளை ஆறாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். சீர்கேடு நேர்ந்தால் உடனே தெரிவிப்பது கடமை. அத்தகைய தலங்கள் மான்ட்ரூ பதிவேட்டில் இடம்பெறலாம். 1993இல் அதில் சேர்ந்த ஒடிசாவின் சிலிகா ஏரி, புதிய முகத்துவாரம் வெட்டி உப்புத்தன்மை மீட்கப்பட்டபின் 2002இல் நீக்கப்பட்டது.

இந்த அறிக்கை முறைக்கு உட்பட்ட சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்புடன் ராம்சர் தலமானது. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரி வழியாக இங்கே வந்து சேர்வதால், மேலுள்ள ஏரிகளில் கலக்கும் கழிவுநீரும் இதன் நிலையைத் தீர்மானிக்கிறது.