நீல அங்கிப் பள்ளியின் கவிஞர்கள்

ஆங்கிலக் கவிதையின் போக்கைத் திருப்பியவர்களுள் ஒருவரான சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜும், ஆங்கிலக் கட்டுரைக்குத் தனியொரு குரல் தந்த சார்லஸ் லாமும் 1782-ஆம் ஆண்டில் ஒரே பள்ளியில் சேர்ந்தனர். கோல்ரிட்ஜ் அங்கிருந்து விடைபெற்ற 1791-இல் லீ ஹண்ட் அதே பள்ளிக்குள் நுழைந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற ஈட்டனும் அன்று அது, ஹாரோவும் அன்று. ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எழுத்தும் தருவதற்கென்று இலண்டன் மாநகரத்தார் நடத்திய அறப்பள்ளி அது. கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்போர் மருத்துவமனை என்று மயங்குவர். ‘ஹாஸ்பிடல்’ என்பது பழைய ஆங்கில வழக்கில் புகலிடத்தையும் குறித்தது. மடங்கள் கலைக்கப்பட்ட பின்னர் இலண்டன் தெருக்களில் கேட்பாரற்றுத் திரிந்த சிறார்களைக் குறித்துப் பேராயர் ரிட்லி உருக்கமாகப் பேச, இளம் மன்னர் ஆறாம் எட்வர்டு மனமிரங்கினார் என்பது பள்ளியின் பிறப்புக் கதை. நியூகேட் தெருவில் பிரான்சிஸ்கன் துறவியர் விட்டுச் சென்ற மடத்துக் கட்டடங்களிலே, 1552-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஏறத்தாழ 380 பிள்ளைகளுடன் அது திறக்கப்பட்டது. மன்னர் அதற்குரிய பட்டயத்தில் கையெழுத்திட்டது 1553 ஜூன் மாத இறுதியில். ஜூலை 6-ஆம் நாள் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. அவர் காக்க விரும்பிய பிள்ளைகளில் மூத்தவர்களுக்கும் அவருக்கும் வயதில் பெரிய வேறுபாடு இல்லை.

முதல் கிறிஸ்துமசின்போது செம்பழுப்பு உடையில் வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள், அடுத்த ஈஸ்டருக்குள் நீல உடைக்கு மாறினர். கணுக்கால் வரை தொங்கும் நீல அங்கி, இடையில் தோல் கச்சை, கழுத்தில் வெண்பட்டி, காலில் மஞ்சள் காலுறை என்னும் கோலம் பின்னர் நிலைபெற்றது. மஞ்சள் சாயம் பூச்சிகளை அண்டவிடாது என்பதற்காகவே அந்நிறம் வந்தது என்று வாய்மொழியாக ஒரு காரணம் சொல்வதுண்டு. எவ்வாறாயினும், மலிவான சாயத்தில் தோய்த்த ஏழைகளின் உடை பிற்காலத்தில் பெருமைக்குரிய சின்னமாயிற்று. நாற்பத்தைந்து தலைமுறைக்குக் குறையாமல் ஓர் உடை மாறாதிருப்பது உலகில் அரிது என்று மிகைப்படுத்திச் சொல்வாரும் உளர்; நாலரை நூற்றாண்டைக் கடந்தது என்று சொன்னாலே போதும்.

1673-இல் இரண்டாம் சார்லசு மன்னர் கப்பலோட்டும் கணிதம் கற்பிக்க அங்கே ஒரு தனிப் பிரிவை நிறுவினார். அதன் மாணவர் தோளில் தனிப்பட்ட வில்லை அணிந்து, பிறரைச் சற்று மிதப்பாகப் பார்த்தனர். கவிதைக்கும் இப்பிரிவுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் வானியலாளராகச் சென்று தென்கோடிப் பனிக்கடலைக் கண்டு மீண்ட வில்லியம் வேல்ஸ், 1775 முதல் 1798 வரை இப்பிரிவில் ஆசிரியராக இருந்தார். கடலையே அறியாத வயதில் கோல்ரிட்ஜ் நடமாடிய முற்றத்திலேதான் அவரும் நடந்தார். ‘பண்டைய மாலுமியின் பாட’லில் வரும் பனிமலைகளின் வித்து இந்த ஆசிரியரின் பேச்சிலிருந்து விழுந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

மாணவரின் அன்றாட வாழ்வு பசியின் வாழ்வு. ஒரு பக்கம் நியூகேட் சிறைச்சாலை, சற்று எட்டினால் ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தை. நடுவே கல் தாழ்வாரங்களும் நீண்ட படுக்கைக் கூடங்களும். காலையில் ஒரு துண்டு ரொட்டி, அதை நனைத்து விழுங்க மரக்குவளையில் நீர்த்த பியர். திங்களன்று சுவையற்ற பால்கஞ்சி, சனியன்று பட்டாணிக் குழம்பு. கொஞ்சமே வரும் இறைச்சியிலும் வெந்த கொழுப்பைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அதை உண்பவனைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றி லாம் எழுதியுள்ள செய்தி, அப்பள்ளியைப் பற்றிய எந்த ஆவணத்தையும்விட மனத்தில் தைப்பது. எல்லோரும் ஒதுக்கிய கொழுப்புத் துண்டுகளை ஒருவன் நாள்தோறும் பொறுக்கிச் சேர்த்துத் தன் படுக்கையருகே வைப்பான். அவன் உண்பதை எவரும் கண்டதில்லை. விடுப்பு நாள்களில் கைக்குட்டையில் எதையோ பொதிந்து கொண்டு வெளியே செல்வான். விற்கிறான் என்று பேச்சு கிளம்பிற்று. அவனோடு பேசுவதையும் விளையாடுவதையும் பிள்ளைகள் நிறுத்தினர். அவனும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் இருவர் பின்தொடர்ந்து சென்று, பாழடைந்த ஒரு கட்டடத்தின் மாடிகளில் ஏறி அவன் ஒரு கதவைத் தட்டுவதையும், கந்தல் உடுத்த மூதாட்டி ஒருத்தி திறப்பதையும் கண்டனர். மேற்பார்வையாளர் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. வறுமையில் வாடிய பெற்றோருக்கு அவன் கொண்டுபோன உணவு அது. நிர்வாகத்தார் அக்குடும்பத்துக்கு உதவி செய்து, அவனுக்கு வெள்ளிப் பதக்கமும் வழங்கினர். பதக்கம் வந்தது சரி; அதற்கு முந்திய மாதங்களில் அவன் தனியே அமர்ந்து உண்ட வேளைகளுக்கு ஈடு என்ன என்று லாம் கேட்கவில்லை. படிப்பவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

தண்டனைகளும் கொடியவை. ஓடிப்போக முயன்றவனுக்கு முதன்முறை கால்விலங்கு. மறுமுறை, வைக்கோலும் போர்வையும் மட்டுமே உள்ள இருட்டறையில் தனிச்சிறை. மூன்றாம் முறை, பள்ளியே கூடிநிற்க, அங்கியைக் களைந்து கசையடியுடன் வெளியேற்றம். நீல உடையை முதன்முதல் அணிந்த அன்றே, விலங்கு பூட்டிய சிறுவன் ஒருவனைப் பார்க்க நேர்ந்தது என்றும் அதே கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. பார்த்தவனுக்கு அப்போது ஏழு வயது. இருட்டறைகள் பின்னாளில் ஒழிக்கப்பட்டன.

இத்தகைய இடத்தில் கவிதை எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய கூடத்தில், நடுவே கோடு கிழித்தாற்போல, இரு வகுப்புகள் நடந்தன. ஒரு பாதி கீழ்வகுப்பு ஆசிரியர் மேத்யூ ஃபீல்டுக்கு உரியது. அவர் எப்போதாவது வருவார், பிரம்பை மலர்போல் பிடித்திருப்பார்; பிள்ளைகள் இலக்கணத்தை மறந்து காகிதக் கடிகாரமும் பூனைத்தொட்டிலும் செய்தனர். மறு பாதியில் ஜேம்ஸ் போயர் என்னும் புயல். அவரிடம் இரண்டு பொய்ம்முடிகள் இருந்தன. புதிதாய்ப் பொடி தூவியது ஒன்று. அதை அணிந்து வந்தால் அன்று அமைதி. நிறம் மங்கிச் சிலும்பியது மற்றொன்று. அதைக் கண்டால் வகுப்பே நடுங்கும்.

அந்தப் போயரைத்தான் கோல்ரிட்ஜ் தம் ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’ நூலின் தொடக்கத்திலேயே (1817) நன்றியுடன் நினைவுகூர்கிறார். கிரேக்க நாடகங்களோடு ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாக வைத்தவர் அவர். கவிதைக்கும் அறிவியலைப் போலவே கண்டிப்பான ஒரு தருக்கம் உண்டு, பெருங்கவிஞரிடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மட்டுமன்றி அது நிற்கும் இடத்துக்கும் காரணம் உண்டு என்பது அவர் போதனை. ஹோமரின் ஒரு சொல்லை எடுத்து, அதே பொருளுடைய வேறொரு சொல் ஏன் அங்கே பொருந்தாது என்று மாணவரைக் கேட்பார். யாழ், கலைமகள், பார்னசஸ் மலை என்று எவனாவது எழுதிவிட்டால் பிடித்தது சனி. கலைமகள் என்றால் உன் செவிலியின் மகளா, புனித ஊற்று என்றால் நம் முற்றத்து அடிபம்பா என்று கேட்டு அடித்துவிடுவார்.

அவருடைய திருத்தும் முறையும் தனி. ஒருவனுடைய கட்டுரைகள் நான்கைந்து சேரும்வரை பார்க்காமல் வைத்திருந்து, பிறகு அவற்றை அருகருகே பரப்புவார். இந்த வாக்கியத்தை அந்தக் கட்டுரையில் வைத்தாலும் பொருந்துமே, பின் இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்பார். விடை வரவில்லையென்றால், அத்தகைய பிழை இரண்டு ஒரே கட்டுரையில் கண்டுபிடிக்கப்பட்டால், தாளைக் கிழித்தெறிந்து, அன்றைய வேலையோடு அதே பொருளில் புதிதாக எழுதிவரச் சொல்வார். எழுதுவோர் தம் படைப்பின் மீது தாமே நடத்திப் பார்க்கத்தக்க சோதனை இதைவிட எளியதும் கடுமையானதும் இருக்க முடியாது. நன்றாக அமைந்ததைத் தனி ஏடொன்றில் படியெடுக்கவும் அவர் தவறவில்லை. லாம் பதினான்கு வயதில் எழுதிய செய்யுள் ஒன்று (1789) அந்த ஏட்டில்தான் எஞ்சியுள்ளது.

ஆனால் அடியின் வடு ஆறவில்லை. போயரின் கொடுமைகள் நடுவயதிலும் கனவில் வந்து வருத்துவதாக அதே நன்றியுரையில் கோல்ரிட்ஜ் ஒப்புக்கொள்கிறார். அச்சம் இல்லாமலே அந்தப் பாடம் கைவந்திருக்குமா என்னும் வினாவுக்குக் கூடத்தின் மறு பாதியை நோக்கலாம். லாம் தம் தொடக்க ஆண்டுகளைக் கழித்தது ஃபீல்டின் சோம்பல் நிழலில்.

போயர் மட்டுமே கவிஞரை ஆக்கினார் என்பதும் முழு உண்மையாகாது. வர்ஜிலைப் பாடத்துக்காக அன்றி இன்பத்துக்காகவே படித்துக் கொண்டிருந்த சிறுவன் கோல்ரிட்ஜைக் கண்டு, அவனைப் பற்றிப் போயரிடம் சொன்னவர் மூத்த மாணவர் தாமஸ் ஃபேன்ஷா மிடில்டன். பின்னர் வில்லியம் லைல் போல்ஸ் என்பாரின் சானெட் நூலொன்றைக் கோல்ரிட்ஜுக்குப் பரிசளித்தவரும் அவரே. அப்போது கோல்ரிட்ஜுக்குப் பதினேழு வயது. நூலை நண்பர்களுக்கு வாங்கித் தரக் காசில்லை. ஆகவே ஒன்றரை ஆண்டுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட படிகளைத் தம் கையாலேயே எழுதி வழங்கினார். இன்று போல்ஸை விரும்பிப் படிப்போர் சிலரே. எனினும் அலங்காரச் செய்யுளிலிருந்து இயல்பான மொழிக்கு ஒரு தலைமுறை நகர்ந்ததில் அந்தக் கையெழுத்துப் படிகளுக்கும் பங்குண்டு. மிடில்டன் 1814-இல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கப் பேராயரானார். 1822-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

நூலகம் வாய்த்த கதை வேடிக்கையானது. விடுப்பு நாளில் போக்கிடமின்றி ஸ்டிராண்டு தெருவில் நடந்த கோல்ரிட்ஜ், கடலை நீந்திக் கடந்த லியாண்டராகத் தம்மைக் கற்பனை செய்து கைகளை வீசினார். கை ஒரு கனவானின் சட்டைப்பையில் பட்டது. திருடன் என்று பிடித்தவர், அழுதுகொண்டே சிறுவன் சொன்ன விளக்கத்தைக் கேட்டு வியந்து, வாடகை நூலகம் ஒன்றில் அவனுக்குச் சந்தா கட்டினார். நாளொன்றுக்கு இரண்டு நூல்கள் என்று அதன் பட்டியலையே படித்து முடித்தான் அவன்.

லாமுக்கு வாய்த்த விதி வேறு. சிறந்த மாணவர் ‘கிரீசியன்’ என்னும் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுவர். அவர்கள் பின்னர் சமயப் பணி ஏற்பது எதிர்பார்ப்பு. லாமுக்குத் திக்குவாய். மேடையேறிப் போதிக்க இயலாதவனுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர், 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, கீழை நாடுகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்குகளின் கணக்கை எழுதினார். லீ ஹண்டையும் அதே திக்குவாய் அதே இடத்தில் தடுத்தது.

லாம் தம் பள்ளியைப் பற்றி இருமுறை எழுதினார். 1813-இல் எழுதியது புகழுரை. 1820 நவம்பரில், எலியா என்னும் புனைபெயரில், அதே பள்ளியைப் பற்றி வேறொரு கட்டுரை வெளியிட்டார். அதில் கோல்ரிட்ஜின் குரலை மேற்கொண்டு, முதற் கட்டுரையை எழுதிய லாமையே குற்றஞ்சாட்டுகிறார். உன் வீடு அருகில் இருந்தது, வேண்டியபோது போய்வந்தாய், காலையில் உனக்குத் தேநீரும் சூடான ரொட்டியும் வந்தன, வயதான அத்தை வீட்டு உணவைச் சுமந்துவந்து முற்றத்துக் கல்லில் அமர்ந்து ஊட்டினாள். எனக்கோ நகரில் ஒருவரும் இல்லை என்பது அக்குரலின் வழக்கு. அத்தை உணவை அவிழ்க்கும்போது அவள் மீது அன்பும், அவள் கோலத்தைக் கண்டு நாணமும், பார்த்து நிற்கும் பிள்ளைகளை எண்ணி இரக்கமும், இவை எல்லாவற்றையும் விஞ்சிய பசியும் அந்தச் சிறுவனுக்குள் மோதியதை லாம் மறைக்கவில்லை. டெவன் மாவட்டத்து ஊரை இழந்து வந்த கோல்ரிட்ஜின் ஏக்கத்தை அவர் கவிதையிலும் காணலாம். 1798-இல் எழுதிய ‘நள்ளிரவில் உறைபனி’யில், வகுப்புக் கதவு திறக்கும் போதெல்லாம் ஊரிலிருந்து எவரேனும் வந்தனரோ என்று பார்த்த சிறுவன் இருக்கிறான்.

1902-இல் பள்ளி நியூகேட் தெருவை விட்டுச் சசெக்ஸ் நாட்டுப்புறத்து ஹார்ஷாமுக்குப் பெயர்ந்தது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஹார்ட்ஃபோர்டில் தனியே பயின்ற மாணவியர் 1985-இல் அங்கு வந்து சேர்ந்தனர். பெற்றோரின் வருவாய்க்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கம் தொடர்கிறது. மாணவர் இல்லங்கள் கோல்ரிட்ஜ், லாம், லீ ஹண்ட், மிடில்டன் என்னும் பெயர்களைத் தாங்கின.

அவ்வில்லங்களிலிருந்தும் கவிஞர்கள் வந்தனர். எட்மண்ட் பிளண்டன் 1909-இல் சேர்ந்து, முதற் கிரீசியனாக விளங்கி, முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளுக்குச் சென்று உயிரோடு மீண்டார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோது, அதே நீல அங்கியை அணிந்து வளர்ந்த கீத் டக்ளஸ் அவரிடம் மாணவராக வந்தார். அவருடைய கவிதைகளைப் பிளண்டன் டி. எஸ். எலியட்டின் பார்வைக்கு அனுப்பினார். டக்ளஸ் 1944 ஜூன் 9-ஆம் நாள் நார்மண்டியில் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவர் கவிதைகளின் தொகுப்பு 1951-இல் வெளிவந்தது.