கருவிக்கு முன்னும் பின்னும்: காதுகேளாக் குழந்தையின் மொழிக்காலம்

காதுகேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நடக்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு உரிய இந்த உதவியால், பல லட்சம் ரூபாய் பெறும் கருவி கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகிறது. இந்திய மாநிலங்கள் பலவற்றை நோக்க இது சிறிய காரியமன்று. ஆயினும் இத்திட்டத்தின் வெற்றியைப் பேசும் செய்திகள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன: இத்தனை அறுவைகள் முடிந்தன. கருவி பொருத்தப்பட்ட குழந்தை ஐந்து வயதில் எத்தனை சொல் பேசுகிறது, கதை சொன்னால் புரிந்துகொள்கிறதா, தன் வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார்ந்ததா என்பவை அந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. காதுகேளாதோர் வாழ்வில் கருவி செய்யும் நன்மை, கருவிக்கு முன்னால் கழிந்த மாதங்களையும் பின்னால் வரும் பயிற்சியையும் பொறுத்தே அமைகிறது என்பதும், ஆகவே அளவுகோல் அறுவையிலிருந்து மொழிக்கு நகர வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். உட்காதின் நத்தைச் சுருளில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 3,500 இருக்கின்றன. அவற்றின் வேலையைக் காக்ளியர் கருவி 12 முதல் 22 மின்முனைகளைக் கொண்டு செய்ய முயல்கிறது. கிரேம் கிளார்க் 1978இல் மெல்போர்னில் பல மின்முனைக் கருவியை முதல்முறை பொருத்தியதிலிருந்து தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது; இந்தக் கணக்கு மட்டும் பெரிதாக மாறவில்லை. மூளைக்குப் போய்ச் சேர்வது பேச்சின் கோட்டுச் சித்திரம். பேசிப் பழகியபின் செவியிழந்த பெரியவர், தாம் முன்பே அறிந்த மொழியைக் கொண்டு அந்தக் கோடுகளுக்கு வண்ணம் தீட்டிக்கொள்வார். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அப்படி நிரப்பிக்கொள்ள முன்னறிவு கிடையாது. அந்தக் கோடுகளிலிருந்தே அது மொழியைக் கட்டியெழுப்பியாக வேண்டும். அதற்கு மூளை இளகியிருக்கும் காலம் குறுகியது. அனு சர்மாவும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் கேளாமை உடைய 104 குழந்தைகளின் மூளை ஒலிக்குத் தரும் மின்மறுமொழியை அளந்தனர். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களின் மறுமொழி, கருவி இயங்கத் தொடங்கிய ஆறு மாதத்தில் வயதுக்கேற்ற நிலையை எட்டியது. ஏழு வயதைக் கடந்தபின் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டவேயில்லை. திட்டத்தின் ஆறு வயது வரம்பை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது கதவு மூடும் நேரம். அதுவரை காத்திருக்கலாம் என்ற அனுமதியாகப் பெற்றோர் அதைப் புரிந்துகொண்டால் இழப்பு குழந்தைக்குத்தான்.

இதைவிட வலுவான சான்று கருவியைப் பற்றியதே அன்று. கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கேளாமை கண்டறியப்பட்ட 72 குழந்தைகளையும் அதன்பின் கண்டறியப்பட்ட 78 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். அறிவுத்திறன் இயல்பாக இருந்த குழந்தைகளில், முன்னவர்களின் மொழித்திறன் தெளிவாக மேலோங்கியிருந்தது. குறையின் அளவு, குடும்பத்தின் பொருளாதார நிலை, வீட்டில் பழகுவது பேச்சா சைகையா என எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அந்த வேறுபாடு நின்றது. கண்டறிந்த சில வாரங்களிலேயே குடும்பத்துக்கு வழிகாட்டலும் பயிற்சியும் தொடங்கிவிடும் என்பது அங்கிருந்த ஏற்பாடு. ஆக, குழந்தைகளைப் பிரித்தது கருவியின் விலையன்று. குடும்பத்துக்கு விஷயம் தெரியவந்த மாதம். ஆஸ்திரேலியாவில் டெரசா சிங் குழுவினர் நானூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தபோதும் முடிவு அதே திசையில்தான் சென்றது: குறை எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்குத் தாமதத்தின் விலையும் கூடியது.

தமிழ்நாட்டில் அந்த மாதம் ஏன் தள்ளிப்போகிறது? கேளாத கைக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே சிரிக்கும், அழும், சில மாதம்வரை மழலைபோல் ஒலியும் எழுப்பும். சந்தேகம் வந்தால் வீட்டில் நடக்கும் சோதனை, பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பது. குழந்தை திரும்பும். தரையின் அதிர்வுக்கோ அசைந்த நிழலுக்கோ திரும்பியிருக்கலாம். ஓரளவு கேட்கும் திறன் எஞ்சிய குழந்தை அந்தப் பேரொலியை உண்மையாகவே கேட்டுமிருக்கலாம். தட்டொலி கேட்ட காதுக்குத் தாயின் பேச்சு விளங்கும் என்பதற்கு உறுதி எதுவும் கிடையாது. ‘அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினான்’ என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்ள, இரண்டாண்டு ஓடிவிடுகிறது. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நிலைத்திருக்கும் மாநிலத்தில், மரபுவழிக் கேளாமை வெளியிலிருந்து வந்த விபத்தும் அன்று. ஆனால் இந்தத் தாமதத்தைத் தவிர்க்க வாய்ப்புள்ள மாநிலமும் இதுவே. இங்கே பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன; தாய் வீடு திரும்புமுன் ஒவ்வொரு குழந்தையையும் சோதிக்க இடமும் ஆளும் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறவிக் கேளாமையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் அதன் பகுதியே. ஒரு மாதத்தில் சோதனை, மூன்று மாதத்தில் உறுதிப்பாடு, ஆறு மாதத்தில் உதவி என்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு இங்கே எட்டாக்கனியன்று.

கருவி பொருத்தியபின் நடப்பதுதான் இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா பள்ளி, காக்ளியர் அறுவை இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே, காதுக் கருவியையும் தாயையும் நம்பிக் குழந்தைகளைப் பேசவைத்துப் பொதுப்பள்ளிகளுக்கு அனுப்பியது. தாய் வகுப்பில் உடன் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. இதன் காரணம் எளிது: பயிற்சியாளர் வாரத்தில் சில மணிநேரம் பேசுவார்; குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பேசப்போவது வீட்டார். பயிற்சியின் தினசரி முகத்தைக் காண வேண்டுமானால் ஆறொலிச் சோதனையைப் பார்க்கலாம். காலையில் கருவியின் வெளிப்பகுதியை மாட்டியதும் தாய் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒலி கேட்டதும் குழந்தை வளையத்தைக் கோலில் போடுகிறது. ‘ஸ்’ மட்டும் கேட்கவில்லை என்றால் உயர் அதிர்வெண் பகுதியில் ஏதோ கோளாறு. ஆடியாலஜிஸ்டிடம் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத வீட்டில் கேபிள் பழுதான கருவியைக் குழந்தை வாரக்கணக்கில் அணிந்திருக்கக்கூடும்.

இந்தப் பயிற்சி தமிழின் இயல்பறிந்து அமைய வேண்டும் என்பது ஒரு துணை வாதம்; ஆனால் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தமிழில் இலக்கணம் சொல்லின் வாலில் குடியிருக்கிறது. வேற்றுமை, காலம், இடம், பால் எல்லாம் இறுதியில் வந்து ஒட்டும். சொல்லின் இறுதியோ குரல் தாழும் இடம். பேச்சுத் தமிழில் பல வட்டாரங்களில் ‘வந்தான்’ என்பதன் னகர மெய் தேய்ந்து உயிர் மூக்கொலி பெறுகிறது; ‘வந்தாள்’ என்பதன் ளகரம் மறைந்தேபோகிறது. எழுவாயைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கம். ஆகவே வந்தது ஆணா பெண்ணா என்பது ஒரு மெல்லிய மூக்கொலியில் தொங்குகிறது. அதைக் கோட்டுச் சித்திரக் காதுக்குப் பிடித்துத்தருவது தற்செயலாக நடக்காது. ஆங்கிலத்துக்கென வகுத்த பயிற்சிப் படிகளில் இதற்கு இடமிருக்காது.

இவ்வாதத்துக்கு எதிரான முதல் மறுப்பு, காதுகேளாதோர் சமூகத்திலிருந்தே வருவது. கேளாமையை நோயாகக் காண்பதே பிழை, சைகை மொழி முழுமையான மொழி, அதை ஒடுக்கிய வரலாற்றின் தொடர்ச்சியே கருவி மோகம் என்பது அது. இதன் வரலாற்றுப் பகுதி மறுக்க முடியாதது. 1880இல் மிலானில் கூடிய கல்வியாளர்கள் பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தனர்; அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆயிற்று. இன்றும் ‘சைகை காட்டினால் பேச்சு வராது’ என்று பெற்றோரை எச்சரிக்கும் நிபுணர்கள் உண்டு. சான்று அப்படி ஒருமுகமாக இல்லை. ஆன் கியர்ஸ் குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, சைகை பயிலாத காக்ளியர் குழந்தைகள் பேச்சில் முந்தியதாகக் கூறியது; அதன் ஒப்பீட்டு முறை பலத்த கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. மறுபுறம், சைகை பேசும் காதுகேளாப் பெற்றோருக்குப் பிறந்து கருவியும் பெற்ற குழந்தைகள், ஆங்கிலச் சோதனைகளில் கேட்கும் பிள்ளைகளுக்கு நிகராக நின்றதை 2014இல் கேத்ரின் டேவிட்சன் குழு காட்டியது. குழந்தைகள் சிலரே என்றாலும், சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சத்தை அசைக்க அது போதும். மறுப்பாளர்களின் நிலையிலும் ஓர் இடைவெளி உண்டு: காதுகேளாக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அந்த வீட்டில் சைகை தானாக முளைக்காது. அதையும் யாரேனும் வந்து கற்றுத்தர வேண்டும், அதுவும் முதல் ஆண்டிலேயே. அப்படியானால் இருதரப்பும் கேட்பது ஒன்றே: முன்கூட்டிய கண்டறிதல், வீட்டுக்கு வரும் ஆசிரியர். கருவியா சைகையா என்ற பூசலில் எதுவும் கிடைக்காமல் மூன்று வயதைத் தாண்டிய குழந்தைதான் உண்மையில் தோற்கிறது.

இரண்டாம் மறுப்பு பொதுச்சோதனை பற்றியது. எல்லாக் குழந்தைகளையும் சோதித்தால் பல தவறான அபாய அறிவிப்புகள் வரும், பெற்றோர் வீணாகக் கலங்குவர் என்கிறார்கள். முதல் இரண்டு நாளில் காதுக்குள் தங்கிய நீரால் பல குழந்தைகள் சோதனையில் தவறுவது உண்மையே. மறுசோதனையும், அதிலும் தவறினால் மூளைத்தண்டு ஒலிக்குத் தரும் மறுமொழியை அளக்கும் பெரா பரிசோதனையும் அதற்காகத்தான். சில வாரக் கலக்கத்தை ஒரு தட்டிலும் மூன்றாண்டு மொழியிழப்பை மறுதட்டிலும் வைத்தால் எது கனக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாவது மறுப்பு இவற்றினும் கூர்மையானது: தாயின் கல்வியும் ஓய்வும் உள்ள வீட்டுக் குழந்தையே பயிற்சியில் தேறும், ஆகவே இது வசதியுள்ளவருக்கான வழி என்பது. ஆஸ்திரேலிய ஆய்விலும் தாயின் கல்வி ஒரு காரணியாகவே தெரிந்தது. தினக்கூலியை விட்டுவிட்டு வாரம் இருமுறை மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறும் தாய் எத்தனை மாதம் தாங்குவார்? இதற்கு விடை, பயிற்சியைக் கைவிடுவதாக இருக்க முடியாது. பயணப்படி, இழந்த கூலிக்கு ஈடு, வட்டார அளவில் பயிற்சியாளர், பழுதான வெளிக்கருவிக்கு உடனடி மாற்று ஆகியவை அறுவைச் செலவின் பகுதியாகவே கணக்கில் ஏற வேண்டும். வெளிக்கருவி நின்றால், பொருத்திய குழந்தை அந்த நொடியே மீண்டும் முழுக் கேளாமைக்குத் திரும்புகிறது. அதைச் சரிசெய்யாமல் விட்டால், செலவிட்ட லட்சங்களும் உள்ளே உறங்கும்.

அரசுத் திட்டத்தின் ஆண்டறிக்கை அறுவைகளின் எண்ணிக்கைக்கு அருகே இன்னும் மூன்று எண்களை வெளியிட வேண்டும்: கேளாமை கண்டறியப்பட்டபோது குழந்தையின் சராசரி வயது, கருவி இயங்கத் தொடங்கிய வயது, ஐந்து வயதில் தமிழிலோ சைகையிலோ வயதுக்கேற்ற மொழி பெற்றவர்களின் விழுக்காடு. இவற்றுள் முதல் எண்ணைக் குறைக்கத் தேவையான செவிச் சோதனை, பிரசவ வார்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.