முட்டிச் சில்லு விலகலும் தசைநார் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையும்

முழங்காலின் முன்புறமுள்ள முட்டிச் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனைப் பள்ளத்தில் மேலும் கீழும் நகர்கிறது. அது வெளிப்புறமாக நழுவாதபடி உட்புறத்திலிருந்து ஒரு தசைநார் இழுத்துப் பிடிக்கிறது. பேச்சு வழக்கில் இதனை ஜவ்வு என்பர். சில்லு ஒருமுறை விலகினாலே இத்தசைநார் பெரும்பாலும் கிழிந்துவிடும்.

முதல்முறை விலகிய அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. எலும்போ குருத்தெலும்போ உடைந்து மூட்டினுள் தங்காதிருப்பின், முழங்கால் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் பொதுவாகப் போதுமானவை. மீண்டும் மீண்டும் விலகுவோருக்கே இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. சில்லைத் தாமே தள்ளிப் பொருத்திக்கொள்ளப் பழகிய சிலர் மருத்துவமனைக்கு வருவதேயில்லை. ஒவ்வொரு விலகலின்போதும் குருத்தெலும்பு சேதமடையக்கூடும் என்பதால் இப்பழக்கம் தீங்கானது.

கிழிந்து தளர்ந்த தசைநாரை வெறுமனே தைப்பது பலருக்கு நிலைப்பதில்லை. ஆகவே, பெரும்பாலும் உங்கள் தொடைத் தசை ஒன்றின் நாணையே எடுத்து, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே புதிய தசைநாராகப் பொருத்துவர். நாணை எடுத்தால் கால் வலுவிழக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அதன் பணியைப் பெருமளவு அருகிலுள்ள தசைகள் ஏற்றுக்கொள்ளும். எலும்புப் பள்ளம் ஆழமின்றியோ சில்லு மிக உயர்ந்தோ இருப்பின், தசைநார் மட்டும் போதாமல் எலும்பையும் சீரமைக்க நேரிடலாம். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. முடிவுகளைக் காட்டி விளக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். வளரும் வயதினருக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதி பாதிக்கப்படாதவாறு முறை மாற்றியமைக்கப்படும்.

சிகிச்சையின் கடினமான பகுதி அறுவை அரங்கிற்கு வெளியேதான் உள்ளது. ஊன்றுகோலுடன் நடத்தல், முழங்காலைப் படிப்படியாக மடக்குதல், மெலிந்த முன்தொடைத் தசையை வலுவூட்டல் ஆகியன மாதக்கணக்கில் தொடரும். ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் வலி குறைந்ததும் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகின்றனர். தசை வலுப்பெறாத கால் மீண்டும் தடுமாறும். குடும்பத்தினர் இக்கட்டத்தில்தான் உடனிருந்து ஊக்குவிக்க வேண்டும். சம்மணமிடுதலையும் குந்தி அமர்தலையும் மருத்துவர் அனுமதித்த பின்னரே தொடங்குங்கள். ஓட்டம், கபடி போன்ற விளையாட்டுகளுக்குத் திரும்பப் பொதுவாக 6 முதல் 9 மாதங்கள் ஆகும். எண்ணெய் தேய்த்து நீவுதல், முழங்காலை வலிந்து மடக்குதல் கூடாது.

தழும்பின் அருகே மரத்துப்போதல் ஏற்படலாம், அதனால் ஆபத்தில்லை. காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்கால் வீக்கம் அல்லது வலி தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி ஏற்பட்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.