கயிற்றில் தொங்கிய பிரதி: தமிழ் வார இதழ்களின் விற்பனையும் வாசிப்பும்

1. இரண்டு எண்கள்

ஓர் இதழின் நிலையைச் சொல்ல இரண்டு கணக்குகள் உண்டு. விற்ற பிரதிகளை 1948-இல் தொடங்கிய ஏ.பி.சி. அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்து சான்றளிக்கிறது. படித்தவர்களை ஐ.ஆர்.எஸ். என்ற இந்திய வாசகர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய்க் கேட்டு எண்ணியது. 2019 கணக்கெடுப்புக்குப் பின் கொரோனா வந்து அது நின்றுபோனது. இன்று நம்மில் பலர் முதல் எண் சரிந்ததைக் காட்டி, தமிழில் படிக்க ஆளில்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. குறைந்தது படிக்கும் ஆசையல்ல, பிரதி கைக்கு வந்து சேரும் வழி.

2. கை மாறிய பிரதி

தமிழ் வார இதழ் ஒருவர் வாங்கிப் பலர் படித்த பொருள். சலூன் பெஞ்சிலும் மருத்துவர் வீட்டுத் திண்ணையிலும் அட்டை கிழிந்து கிடக்கும். வாடகை நூலகப் பையன் சைக்கிளில் கொண்டுவரும் கட்டில் விகடனும் குமுதமும் கல்கியும் இருக்கும். இரண்டு நாளில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ‘ஓசி வாசகர்’ என்று கேலி செய்தோமே, விளம்பரதாரருக்குக் காட்டிய பெருமையில் பெரும்பங்கு அவருடையதுதான்.

காசு கொடுத்து வாங்கியவர் தொடர்கதைக்காக வாங்கினார். ஓவியர் மணியத்தின் படங்களோடு 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த குடும்பங்கள் ஏராளம். நான் பார்த்த ஒரு தொகுப்பில், கதை முடிந்த பக்கத்தின் பாதியில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. நடுவே ஒரு வாரம் இல்லை. அந்த இடத்தில் யாரோ வெள்ளைத் தாள் செருகி, விட்டுப்போன கதையை நாலு வரியில் கையால் எழுதியிருந்தார்கள். எந்தக் கணக்கெடுப்பு இந்த வாசகரை எண்ணும்?

1941-இல் தொடங்கிய கல்கி 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. ஆனால் 1999-இல் நாட்டுடைமையான ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன; சென்னைப் புத்தகக் காட்சியில் இன்றும் கட்டுக்கட்டாக விற்கிறது. வாசகர் இருக்கிறார். வாராந்தரப் பழக்கம்தான் போனது.

3. அறுந்த வழி

இதழ் அச்சகத்திலிருந்து முகவருக்கும் அவரிடமிருந்து பெட்டிக்கடைக்கும் போகும். கடைக்காரருக்குக் கமிஷன், விற்காதது ‘ரிட்டர்ன்’. அட்டை விலை பெரும்பாலும் அடக்கத்தைத் தொடாது, மீதியை விளம்பரம் ஈடுகட்டும். விளம்பரம் தொலைக்காட்சிக்கும் பின்பு கைப்பேசிக்கும் போனபோது விலை ஏறியது, பக்கம் குறைந்தது. 2020 ஊரடங்கில் கடைகள் மூடின. திறந்தபோது பல கடைகளில் இதழ் தொங்கிய கயிற்றில் ஷாம்பு பாக்கெட் தொங்கியது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது; ஷாம்பு மறுவாரம் பழசாவதில்லை.

4. சிற்றிதழ்

சிற்றிதழின் நாடி வேறு. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை நடந்தது கடைக் கயிற்றை நம்பி அல்ல. காலச்சுவடும் உயிர்மையும் பதிப்பகத்தோடு சேர்ந்தே நடக்கின்றன. இவற்றுக்கு உயிர் சந்தாவும் தபாலும்தான். புத்தகம் அனுப்ப மலிவாக இருந்த பதிவு நூல் அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது சிறு பதிப்பாளருக்கு விழுந்த நேரடி அடி.

5. செய்யத்தக்கது

இணையப் பதிப்பு தொடங்கியதாலேயே இதழ் பிழைத்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. கை மாறும் பிரதிக்கு அது ஈடாகவில்லை. கிளை நூலகங்களுக்கு இதழ் தவறாமல் வரவேண்டும். சந்தாப் பிரதி நாள் தவறாமல் வீட்டுக்கு வரவேண்டும். உங்கள் தெருவில் இன்னும் இதழ் தொங்கும் கடை ஒன்று இருந்தால், போன வாரம் எத்தனை வந்தது, எத்தனை திரும்பியது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு ஒன்று வாங்கி வாருங்கள்.